சைப்ரஸ்ல ஜனங்க கிட்டயே ஓட்டு கேட்டும் சமரசம் ஏன் நடக்கல? கேட்ட விதம் தப்பா, இல்ல மனசே அப்படித்தானா?

சேரம்பாடி பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பத்தேரி பக்கம் ஒரு காலேஜ்ல எம்ஏ பொலிடிகல் சயின்ஸ் ரெண்டாவது வருஷம், வீடு பார்டருக்கு இந்தப் பக்கம் சேரம்பாடி. வர்ற வியாழக்கிழமை எனக்கு செமினார், தலைப்பு சைப்ரஸ். பேசப்போறது மலையாளத்துல, ஆனா யோசனை எல்லாம் தமிழ்ல தான் ஓடுது, அதான் இங்க வந்து கேக்குறேன்.

நான் படிச்ச வரைக்கும் சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. சைப்ரஸ் ஒரு மத்தியதரைக் கடல் தீவு, கிரேக்க மொழி பேசறவங்க அதிகம், துருக்கி மொழி பேசறவங்க கம்மி. 1974 ஜூலைல கிரீஸ் ராணுவ ஆட்சி தூண்டிவிட்டு சைப்ரஸ்ல ஆட்சிக் கவிழ்ப்பு நடந்துச்சு, அஞ்சே நாள்ல துருக்கி படை இறங்கிருச்சு, தீவுல மூணுல ஒரு பங்குக்கு மேல, வடக்குப் பக்கம், துருக்கி கைக்குப் போயிருச்சு. கிரேக்கர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல தெற்க பாத்து ஓடினாங்க, துருக்கி சைப்ரஸ்காரங்க பத்தாயிரக்கணக்குல வடக்க பாத்து போனாங்க. அப்புறம் முப்பது வருஷம் பேச்சுவார்த்தை. கடைசியா ரெண்டு பக்கத்தையும் ஒரே கூட்டாட்சியா சேக்கிறதுக்கு ஐநா பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் பேர்ல ஒரு திட்டம் வந்து 2004 ஏப்ரல் 24 அன்னிக்கு ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல ஓட்டு போட்டாங்க. துருக்கி பக்கம் 65 சதவீதம் சரின்னு சொன்னாங்க, கிரேக்க பக்கம் 76 சதவீதம் முடியாதுன்னுட்டாங்க. திட்டம் அன்னிக்கே முடிஞ்சுபோச்சு.

எங்க கிளாஸ்ல பாதிப்பேரு சொல்றது, ஜனங்களுக்கு விட்டுக்குடுக்கிற மனசே இல்ல, தலைவர்கள் உக்காந்து முடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்னு. எனக்கு அப்படித் தோணல. வீட்ல இதைப் பத்தி பேசிட்டு இருந்தப்ப எங்க அம்மாச்சி (சிலோன்ல இருந்து வந்தவங்க, மஸ்கெலியா பக்கம்) அடுப்படில இருந்தே கேட்டாங்க, "அந்த ஊர்ல ஓட்டுப் போட்டு கேட்டாங்களா? எங்கள எல்லாம் யாரு கேட்டா"ன்னு. அதுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல. ஜனங்க கிட்ட எப்போ கேக்கணும், எப்படி கேக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:

நல்ல கேள்வி கண்ணு. நான் ரிட்டயர்டு வாத்தியாருங்க, சோசியல் சயின்ஸ், முப்பது வருசம் பாலக்காடு ஜில்லாவுல தமிழ் மீடியம் பிள்ளைங்களுக்கு நடத்தினேன். இந்த சைப்ரஸ் விசயம் எனக்கு ரொம்ப நாள் ஆர்வமுங்க.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோணும். 76 சதவீதம் "முடியாது"ன்னு சொன்னது சமரசத்துக்கு இல்லீங்க, அந்தத் திட்டத்துக்கு. ரெண்டும் வேற வேற. திட்டத்தோட கடைசி வடிவம் மார்ச் 31ல தானுங்க வந்துச்சு, ஓட்டு ஏப்ரல் 24, நடுவுல 24 நாள். அதுலயும் ரெண்டு பக்கத் தலைவர்களும் ஒத்துக்காம விட்ட எடத்தை எல்லாம் அன்னானே நிரப்பிக் குடுத்தாருங்க. கூட இணைச்ச சட்டங்களை எல்லாம் சேத்தா ஆயிரக்கணக்குல பக்கம். ஒரு விவசாயி, ஒரு டாக்சி டிரைவர் 24 நாள்ல அதுல எதைப் படிப்பாரு? டிவில யாரு என்ன சொல்றாங்களோ அதைத்தான் கேப்பாரு. கிரேக்க பக்கம் ஜனாதிபதி பாப்படோபுலோஸ் ஏப்ரல் 7ஆம் தேதி டிவில வந்து கண்ணீரோட, பலமா "முடியாது"ன்னு சொல்லுங்கன்னு கேட்டுட்டாரு. நான் பொறுப்பேத்தப்ப ஒரு நாட்டை வாங்கினேன், திருப்பிக் குடுக்கிறப்ப ஒரு சமூகமா குடுக்க மாட்டேன்னு பேசினாரு. அதுக்கு அப்புறமேலு யாரு பேச்சு எடுபடும்?

இன்னொண்ணு, இதை உங்க செமினார்ல கண்டிப்பா சொல்லோணும். மே 1ஆம் தேதி சைப்ரஸ் ஐரோப்பிய யூனியன்ல சேருது, ஓட்டு எப்படி விழுந்தாலும் சேருதுன்னு ஏற்கெனவே முடிவாயிருச்சுங்க. அப்போ தெற்க இருக்கறவங்க "முடியாது"ன்னா அவங்களுக்கு எந்த நட்டமும் இல்ல. வடக்க இருக்கறவங்களுக்கு "சரி"ன்னா தான் வெளி உலகத்தோட கதவு தெறக்கும், துருக்கியத் தவிர ஒரு நாடும் அவங்களை அங்கீகரிக்கல பாருங்க. அவங்க தலைவர் டெங்க்தாஷ் வேண்டாம்னு சொல்லியும் ஜனங்க அவரு பேச்சைத் தாண்டி "சரி"ன்னு போட்டாங்க. அதனால ஒரு பக்கம் நல்லவங்க, இன்னொரு பக்கம் பிடிவாதக்காரங்கன்னு எழுதிப்போடாதீங்க கண்ணு. எதிர்ல வெச்ச தராசே கோணலுங்க.

அப்புறம் பயம். கிரேக்கர்களோட பெரிய பயம் துருக்கி ராணுவம். திட்டத்துல படையக் கொறைக்கிறதுக்கு வருசக்கணக்குல காலம் குடுத்திருந்தாங்க, பிரிட்டன் கிட்ட இருந்து சுதந்திரம் வாங்கின 1960ல போட்ட உத்தரவாத ஒப்பந்தமும் அப்படியே இருந்துச்சு, அதாவது பிரிட்டன், கிரீஸ், துருக்கி மூணும் தலையிடற உரிமை. எந்த உரிமைய காட்டி 1974ல படை இறங்குச்சோ அதே உரிமை தொடரும்னா ஒரு அம்மா எப்படிங்க "சரி"ன்னு குத்துவா? அதே உத்தரவாதம் துருக்கி பக்கத்துக்கு உசுரு. 1963 டிசம்பர் கலவரத்துக்கு அப்புறம் பத்து வருசம் போல சின்னச் சின்ன தனிப் பகுதிக்குள்ள அடைஞ்சு கெடந்தவங்க அவங்க. ஒரே வரி, ஒருத்தருக்கு காவல், இன்னொருத்தருக்கு கத்தி.

களியக்காவிளை லிமசோல்:

தங்கச்சி, நான் 6 வருஷம் லிமசோல்ல ஒரு ஹோட்டல் அடுக்களையில கெடந்தவன், 2011ல போய் 17ல வந்தேன். வாத்தியார் சொன்னது எல்லாம் சரி, நான் காதால கேட்டதை சொல்லுதேன், பாத்துக்கிடுங்க.

எங்க கூட பாத்திரம் பண்டம் பாக்குற ஒரு கிழவி உண்டு, வயசு எழுபதுக்கு மேல. சொந்த ஊரு மொர்ஃபு. வடக்குல இருக்கு, நாரங்கா தோட்டத்துக்கு பேர் போன ஊரு. 74 ஆகஸ்டுல கெளம்பும்போ ரெண்டு நாள்ல திரும்பிருவோம்னு நெனச்சு கோழிக்கு தீனி வச்சிட்டு வந்ததா சொல்லிச்சு. 2003 ஏப்ரல்ல பார்டர் தொறந்தப்போ வரிசையில நின்னு போய் பாத்துட்டும் வந்திருக்கு. அது வீட்டுல இருந்தது தெற்கே பாஃபோஸ் பக்கத்துல இருந்து ஓடி வந்த ஒரு துருக்கிக் குடும்பம். உள்ள கூப்பிட்டு காப்பி குடுத்து, பரண் மேல பத்திரமா எடுத்து வச்சிருந்த கல்யாண போட்டோவ திருப்பிக் குடுத்தாங்களாம். இதை சொல்லும்போ எல்லாம் கிழவி அழும்.

இப்போ கேளுங்க. அன்னான் திட்டப்படி மொர்ஃபு கிரேக்கருக்கு திரும்ப வரவேண்டிய ஊரு. அப்போ அந்தக் கிழவி "சரி"ன்னு தானே போட்டிருக்கணும்? இல்ல, "முடியாது"ன்னு போட்டிச்சு. நான் கேட்டேன் ஏன் அம்மைன்னு. ஊரு உடனே கெடைக்காது, கட்டம் கட்டமா வருஷம் போகும், அதுக்குள்ள ஒரு தகராறு வந்தா பட்டாளம் அங்கேயே நிக்குதே, நான் ரெண்டாவது தடவையும் ஓடணுமா, எனக்கு கால் இல்லன்னு சொல்லிச்சு. அப்புறம் இன்னொண்ணும் சொல்லிச்சு, அந்தக் குடும்பத்தையும் மறுபடி எறக்கிவிடணும் இல்லையா, அவங்களும் ஒரு தடவை ஓடினவங்க தானேன்னு. இதை எந்தப் பேப்பர்லயும் நான் படிச்சதில்ல.

அதே ஹோட்டலுக்கு வயரிங் வேலைக்கு வடக்குல இருந்து தெனமும் செக்போஸ்ட் தாண்டி வர்ற ஒரு துருக்கிக்காரர் உண்டு. அவருக்கு வேற கோவம். நாங்க "சரி"ன்னு போட்டோம், உங்களோட தனிமைய போக்கிருவோம்னு ஐரோப்பா சொல்லிச்சு, பத்து வருஷம் கழிஞ்சும் எங்க சரக்க நேரா ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியல, எங்களுக்குன்னு ஒரு நேரடி விமானம் கூட இல்ல, எல்லாம் துருக்கில எறங்கித்தான் வரணும்னு சொல்லுவார். அடுத்த தடவை கேட்டா என்ன போடுவீங்கன்னு கேட்டேன். மொதல்ல எவன் கேக்குறான்னு பாத்துட்டுத்தான் சொல்லுவேன்னார். அந்தக் கிழவியும் அவரும் மத்தியானம் ஒரே பெஞ்சுல உக்காந்து சாப்பிடுவாங்க, இது நான் கண்ணால கண்டது.

தேவிகுளம் 56:

எல்லாரும் ரொம்ப நெகிழ்ச்சியா எழுதுறீங்க, மதிக்கிறேன், ஆனா நடப்பு வேற. ஜனங்க கருத்துன்னு ஒண்ண கணக்குல எடுத்து எந்த எல்லை எங்க போடப்பட்டிருக்கு? நாங்க தேவிகுளம், பீர்மேடு பக்கம். 1956 நவம்பர் 1ல மொழிவாரி மாநிலம் பிரிச்சப்ப இங்க தமிழ் பேசறவங்க தான் அதிகம், இருந்தும் கேரளாவோட போச்சு. அதே நாள்ல கன்னியாகுமரியோட நாலு தாலுக்காவும் செங்கோட்டையும் அந்தப் பக்கம் போச்சு. எங்கயும் வாக்கெடுப்பு வைக்கல. கமிஷன் வந்தாங்க, மனு வாங்கினாங்க, டெல்லில முடிவெடுத்தாங்க. நாங்க இன்னிக்கு வரைக்கும் ஸ்கூல்ல தமிழ் டீச்சர் போஸ்ட்டுக்கு மனு எழுதிட்டு இருக்கோம்.

சைப்ரஸ்லயும் அதே தான். அந்த 1960 அரசியல் சட்டத்தை யாரு எழுதினா? 1959ல சூரிக்லயும் லண்டன்லயும் கிரீஸ், துருக்கி, பிரிட்டன் மூணு பேரும் பேசி முடிச்சாங்க, கிரேக்க சைப்ரஸ்காரங்களோட தலைவர் மக்காரியோஸ் கடைசில வந்து கையெழுத்து போட்டாரு. தீவுக்காரன் ஒருத்தன் கிட்டயும் கேக்கல. பிரிட்டன் தனக்கு ரெண்டு ராணுவத் தளத்தை சொந்த மண்ணாவே வச்சுக்கிச்சு, அக்ரோதிரி, தெக்கேலியா, இன்னும் அவங்க கிட்ட தான் இருக்கு. பெரிய நாடுகள் முடிவு பண்ணா நடக்கும், இல்லன்னா நடக்காது. கருத்துக்கணிப்பு எடுக்கிறது எல்லாம் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு சம்பளம் குடுக்கிற வேலை.

சேரம்பாடி பேத்தி:

தேவிகுளம் அண்ணே, நீங்க சொல்றதுல இருக்கிற வலி எனக்குப் புரியுது, எங்க வீட்லயும் அதே கதை தான். ஆனா நீங்க சொன்ன 1960 சட்டத்தையே பாருங்களேன். தீவுக்காரங்களை கேக்காமப் போட்ட அந்த ஏற்பாடு எத்தனை நாள் நின்னுச்சு? மூணே வருஷம். அரசு வேலைல எழுபதுக்கு முப்பதுன்னு பங்கு, ஆனா துருக்கி பக்கம் ஜனத்தொகை இருபது சதவீதம் கூட இல்ல. கிரேக்கர்களுக்கு அநியாயமாப் பட்டுச்சு, துருக்கி பக்கத்துக்கு அது இல்லன்னா பாதுகாப்பே இல்லன்னு பட்டுச்சு. 1963 நவம்பர்ல மக்காரியோஸ் 13 திருத்தம் வேணும்னாரு, டிசம்பர்ல துப்பாக்கிச் சத்தம். அப்போ ஒரு பிரிட்டிஷ் தளபதி நிக்கோசியா மேப்ல பச்சைப் பென்சிலால கோடு போட்டது தான் பச்சைக்கோடுன்னு இன்னிக்கும் நிக்குது. பெரிய நாடுகள் நெனச்சா நடக்கும்னா அது நெலைச்சிருக்கணுமே.

அதனால கேக்காம செஞ்சாலும் நிக்கல, கடைசி நாள்ல கேட்டாலும் நிக்கல. நடுவுல வேற வழி இருக்கா இல்லையா, அதைத்தான் தேடுறேன்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:

இருக்குதுங்க அம்மிணி, வட அயர்லாந்துல செஞ்சு பாத்திருக்காங்க. அங்க சண்டைய நிறுத்தின 1998 சமாதான ஒப்பந்தத்துக்கு முன்னாடியே ஜனங்க கிட்ட கணிப்பு எடுத்தாங்க, ஆனா அது "சரியா, தப்பா" கணிப்பு இல்லீங்க. கேள்விகளை கட்சிக்காரங்களே, அதாவது எதிரும் புதிருமா இருந்த கட்சிக்காரங்களே, சேந்து உக்காந்து எழுதினாங்க. ஒவ்வொரு விசயத்துக்கும் அஞ்சு பதில். இது கட்டாயம் வேணும், இருந்தா நல்லது, ஒத்துக்கலாம், சகிச்சுக்கலாம், ஒத்துக்கவே முடியாது.

அந்த நாலாவது தானுங்க சூட்சுமம். "சகிச்சுக்கலாம்." எனக்குப் புடிக்கல, ஆனா அவனுக்கு அது வேணும்னா, எனக்கு வேற ஒண்ணு கெடைச்சா, பல்லைக் கடிச்சுட்டு இருந்துக்கறேன். எங்க பக்கம் பங்காளி நெலம் பிரிக்கிறப்ப பெரியவங்க இப்படித்தான் கேப்பாங்க. உனக்கு எந்தத் துண்டு வேணும்னு கேட்டா சண்டை, எது இல்லாம உன்னால முடியாது, எதுன்னா பொறுத்துக்குவேன்னு கேட்டா பொழுது சாயறதுக்குள்ள கல்லு நட்டுருவாங்க.

சைப்ரஸ்லயும் 2004க்கு அப்புறம் இதே அஞ்சு பதில் முறைல ரெண்டு பக்கமும் கணிப்பு எடுத்திருக்காங்க. திரும்பத் திரும்ப ஒண்ணு தெரிஞ்சுது. கிரேக்கர்களோட முதல் ஆசை ஒரே நாடு, ஒரே அரசு. துருக்கி பக்கத்தோட முதல் ஆசை ரெண்டு தனி நாடு. ரெண்டு பேரோட முதல் ஆசையும் அடுத்தவனுக்கு "ஒத்துக்கவே முடியாது". ரெண்டு மண்டலக் கூட்டாட்சி, அதாவது நாடு ஒண்ணு, அதுக்குள்ள ஆளுக்கு ஒரு மண்டலம், 1977ல மக்காரியோஸும் டெங்க்தாஷும் ஒத்துக்கிட்டாங்களே அது, ரெண்டு பக்கமும் யாருக்கும் பெருசா புடிக்காது, ஆனா ரெண்டு பக்கமும் நெறைய பேரு சகிச்சுக்கறாங்க. முதல் ஆசைய மட்டும் கேட்டுட்டு வந்தீங்கன்னா சேரவே மாட்டாங்கன்னு ரிப்போர்ட் எழுதிருவீங்க.

தேவிகுளத்துக்காரரு சொன்னதையும் தள்ளிவிட முடியாதுங்க. 2017ல சுவிட்சர்லாந்துல கிரான்ஸ் மொன்டானாவுல ரொம்பப் பக்கத்துல வந்தும் உடைஞ்சுது, காரணம் மறுபடியும் அந்த உத்தரவாதமும் படையும். கிரேக்க பக்கம் பேசினவரு அனஸ்தாசியாதிஸ், 2004ல தன் ஜனம் "முடியாது"ன்னப்ப தைரியமா "சரி"ன்னு சொன்ன கட்சித் தலைவரு. அப்படிப்பட்டவராலயே முடியல. 2020ல வடக்க நடந்த தலைவர் தேர்தல்ல ரெண்டு நாடு தான் வேணும்னு சொன்ன தாத்தார் ஜெயிச்சாரு. ஆனா 2025 அக்டோபர்ல அதே ஜனங்க கூட்டாட்சி பேசற எர்ஹுர்மானுக்கு 62 சதவீதத்துக்கு மேல ஓட்டுப் போட்டு அவரை எறக்கிட்டாங்க. மனசு மாறும், மாறிக்கிட்டே இருக்கும், அதனால தான் ஒரே ஒரு நாள் கேட்டா பத்தாதுன்னு நான் அடிச்சு சொல்றேன்.

தேவிகுளம் 56:

வாத்தியாரே, அந்த அஞ்சு பதில் விஷயம் எனக்குத் தெரியாது, யோசிக்க வைக்குது. ஆனா நம்ம பக்கத்து தீவையும் பாருங்க. 1987 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துல அங்க வடக்கும் கிழக்கும் தற்காலிகமா சேரும், 1988 முடியறதுக்குள்ள கிழக்குல ஜனங்க கிட்ட வாக்கெடுப்பு வச்சு முடிவு பண்ணனும்னு எழுதினாங்க. கிழக்குல தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூணு பேரும் இருக்காங்க, கேட்டிருந்தா மூணு பேரு பயமும் வெளிய வந்திருக்கும். வருஷா வருஷம் தள்ளிப் போட்டாங்க. கடைசில 2006ல கோர்ட்டு சேத்தது செல்லாதுன்னுருச்சு, பிரிச்சுட்டாங்க. அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்ல. எழுதி வச்சதையே கேக்கலன்னா நான் எப்படி நம்புறது?

களியக்காவிளை லிமசோல்:

அண்ணே, நம்ப வேண்டாம், ஆனா கேக்குறத நிறுத்தக்கூடாது. அங்க ஒரு காரியம் நடக்குது, பேப்பர்ல அவ்வளவா வராது. காணாமப் போனவங்களத் தேடுற குழு, ரெண்டு பக்கத்து ஆளும் ஐநா ஆளும் சேந்தது. மொத்தம் 2002 பேர் லிஸ்டு, 1510 கிரேக்கர், 492 துருக்கிக்காரர். ரெண்டு பக்கத்து இளவட்டப் பிள்ளைங்களும் ஒண்ணா மண்ணு தோண்டி, எலும்பு எடுத்து, லேப்ல பாத்து, ஆயிரம் பேருக்கு மேல யாருன்னு கண்டுபிடிச்சு வீட்டுல குடுத்திருக்காங்க. தலைவருங்க பேச்சு முறிஞ்சப்போ கூட அந்த வேலை நிக்கல. எங்க கிழவியோட தம்பியும் அந்த லிஸ்டுல உண்டு, நான் வர்ற வரைக்கும் கெடைக்கல.

சேரம்பாடி பேத்தி:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி ஒண்ணு செஞ்சேன், அதை எழுதாம இருக்க முடியல.

வாத்தியார் ஐயா சொன்ன அஞ்சு பதிலையும் ஒரு நோட்டுல எழுதி அம்மாச்சி கிட்ட உக்காந்தேன். எங்க ஆளுங்க கதை இங்க கூடலூர், பந்தலூர் பக்கம் எல்லாருக்கும் தெரியும், தெரியாதவங்களுக்காக சொல்றேன். 1948ல குடியுரிமை சட்டம் போட்டு மலையகத் தமிழரை நாடில்லாதவங்களா ஆக்கிட்டாங்க. 1964 அக்டோபர் 30ல அந்த நாட்டுப் பிரதமர் சிறிமாவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து போட்டாங்க, 9,75,000 பேர்ல 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு அங்கயே, மிச்சம் ஒன்றரை லட்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்னு. 74ல அதையும் ஆளுக்குப் பாதி. யாரையும் கேட்டுப் போட்ட கணக்கு இல்ல. கணக்குப் போட்டு முடிச்ச பிறகு தான் மனு கேட்டாங்க, அப்பவும் சிலோன்லயே இருந்துக்கறோம்னு மனு போட்டவங்க தான் அதிகம். ஆனா கணக்கு ஏற்கெனவே முடிஞ்சிருச்சு. அதையும் ரெண்டு நாடும் சமரசம்னு தான் சொன்னாங்க.

அம்மாச்சி 1971ல வந்தாங்க, இருபது வயசு, கைல என் பெரிய மாமா. லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) இருந்து ஸ்டேஷன் வரைக்கும் ஊரே அழுதுச்சாம், அந்த ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சின்னு பேராம். தலைமன்னார்ல கப்பல், மண்டபத்துல கேம்ப்பு, அப்புறம் இங்க தேயிலைத் தோட்டம். அவங்க தங்கச்சிக்கு அங்கயே பேர் பதிஞ்சிருச்சு, அவங்க வரல.

நான் ஒவ்வொண்ணா கேட்டேன். இந்தியாவுக்கு வந்தது? கொஞ்ச நேரம் யோசிச்சு, "சகிச்சுக்கலாம். இங்க புள்ளைங்க படிச்சிச்சு"ன்னாங்க. வேற தோட்டம், வேற தொரை, அதே கொழுந்துக் கூடை? "அதுவும் சகிச்சுக்கலாம், வேலை வேலை தான்." அங்கயே பிரஜாவுரிமை குடுத்திருந்தா? "கட்டாயம் வேணும், அதைத்தான முதல்ல கேட்டோம்." தங்கச்சி அங்க, நீங்க இங்கன்னு குடும்பத்தைப் பிரிச்சது? பென்சிலை என் கைல இருந்து வாங்கி அவங்களே அஞ்சாவது கட்டத்துல டிக் போட்டாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்க சரியா வராது, எந்தக் கட்டம்னு எண்ணிப் பாத்துப் போட்டாங்க.

ஒரே ஒப்பந்தம், ஒரே ஆளு, இத்தனை பதில். சரியா தப்பான்னு ஒரே வார்த்தைல அன்னிக்கு கேட்டிருந்தா அவங்க என்ன சொல்லிருப்பாங்க? நான் கேட்டேன். தெரியல பாப்பா, ஆனா தங்கச்சியோட பேரையும் என் பேரையும் ஒரே தாள்ல எழுதுங்கன்னு சொல்லிருப்பேன், அது ஒண்ணும் பெரிய விசயம் இல்லையே, ஒரு தாள் தானன்னு சொன்னாங்க.

செமினாரை இதுல இருந்து தான் ஆரம்பிக்கப் போறேன். லிமசோல் அண்ணே, அந்தக் கிழவி "முடியாது"ன்னு போட்டதையும் அந்தக் குடும்பத்தைப் பத்தி அவங்க சொன்னதையும் பேர் இல்லாம நான் எடுத்துக்கலாமா? வாத்தியார் ஐயா, "சகிச்சுக்கலாம்"ங்கிறதுக்கு மலையாளத்துல எந்த வார்த்தை சரியா இருக்கும், "சகிக்காம்"னு போட்டா அதே அழுத்தம் வருமா?

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:

"சகிக்காம்"னே போடுங்க கண்ணு, அதே அழுத்தம் வரும். "பொறுக்காம்"னு போட்டா மன்னிக்கிற அர்த்தம் வந்துரும். உங்க அம்மாச்சி தங்கச்சி இருக்கிற தோட்டத்துப் பேரைக் கேட்டு வைங்க, அட்டன் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காரு.

களியக்காவிளை லிமசோல்:

தாராளமா எடுத்துக்கோ தங்கச்சி. அந்தக் கோழி தீனி விஷயத்தை விட்டுராத.